ஜெஸ்லின் அக்காவின் முழங்கை

ஜெஸ்லின் அக்காவின் இடது கை உட்பக்கத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, எப்போது பார்த்தாலும் நாலைந்து கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறம். மணப்பெண்ணுக்குப் போடுகிற மேக்கப் பேஸை முதலில் தன் கையில் இழுத்துப் பார்த்து, விரலால் கலந்து, அப்புறம்தான் பெண்ணின் கன்னத்துக்குப் போவாள். சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகூப்பி நிற்கும்போதுகூட முதல் நாள் மணப்பெண்ணின் நிறம் அவள் கையில் இருக்கும்.

பாலக்கரையில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் அவளுடைய பார்லர். இரண்டு நாற்காலி, சுற்றிலும் பல்பு வைத்த ஒரு கண்ணாடி, வேளாங்கண்ணி மாதா படம். படி ஏறும்போதே பன் வேகிற வாசனை வந்துவிடும். பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். திருச்சியில் எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் அவள் கை வேலை இருக்கிறது. பெண்ணின் அம்மாக்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு ஷேடு ஏத்திடுங்க."

பெண் இன்னும் வெளுப்பாகத் தெரிய வேண்டுமென்று சிலர் மூன்று கேட்பார்கள். அக்கா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "ஏத்துறது யாரு வேணா ஏத்தலாம்டி. கழுத்துல கோடு தெரியாம ஏத்தணும். அதுக்குத்தான் எங்கிட்ட வராங்க" என்பாள்.

அவள் நல்ல கருப்பு. தனக்கு அவள் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. போட வேண்டுமானாலும் அந்த நிறம் கடையில் கிடையாது. பெரிய கடை வீதியில் அவள் வாங்குகிற மொத்தக் கடைக்காரரிடம் கேட்டால், "அந்த ஷேடு போகாதும்மா, வாங்கி வச்சா தூசிதான் படியும்" என்பார்.

எங்கள் வீடு அந்த பேக்கரிக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது. ஆறு வருஷம் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டுப் போன டிசம்பரில் திரும்பி வந்தேன். வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார என்னால் முடியவில்லை. மாடிப்படி ஏறிவிடுவேன்.

"வாடி ஊர்சுத்தி. இன்னிக்கு எந்த ஊருக்கு டிக்கெட்?"

"இன்னும் போடலக்கா."

"அப்ப அந்தத் துண்டெல்லாம் மடிச்சு வை."

கடைசி இரண்டு வருஷம் நான் நைரோபியில் இருந்தேன். அங்கிருந்து அவளுக்காக இரண்டு பாட்டில் பேஸ் வாங்கி வந்திருந்தேன், இரண்டுமே அடர்ந்த நிறம். அந்தக் கடையில் எடுத்த போட்டோவையும் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை ஒரு அலமாரி முழுக்கக் கருப்பிலும் பழுப்பிலும் முப்பது வகை.

"ஒரு அலமாரியா?" என்றாள் அக்கா. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாட்டில்களைத் திறக்கவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "இருக்கட்டும். யாருக்குன்னு வரட்டும்."

இந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன. கிறிஸ்தவக் கல்யாணமும் இல்லை, முஸ்லிம் கல்யாணமும் இல்லை. பாதி நாற்காலி காலி. அந்த மதிய வேளைகளில்தான் நானும் அக்காவும் என் போனில் பாட்டு வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தோம். நைரோபியில் நான் பஸ்ஸில் கேட்ட பாட்டுகள், அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே டீக்கடைகளில் ஓடிய பாட்டுகள். மொழி அவளுக்குத் தெரியாது. எனக்கே பாதி தெரியாது. அவள் பாட்டைக் கேட்கவே இல்லை.

"நிறுத்து. இவ மூஞ்சியில லைட்டு எங்கேர்ந்து வருது?"

"தெரியலக்கா."

"பக்கத்துலேர்ந்து வருதுடி. நேரா அடிக்கல. பவுடரே போடல பாரு, எண்ணெய் தடவுன மாதிரி விட்டிருக்கான். நெத்தி எலும்பு எப்படி நிக்குது பாரு!"

ஒரு வாரத்தில் நாற்பது ஐம்பது பார்த்திருப்போம். ஒரு நாள் அவளே போனைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி, இதுலயும் முன்னாடி நிக்கிறது வெளுத்த பொண்ணுதான். முடியை நீட்டிவிட்டுக்கிட்டு. கருத்த பொண்ணுகளுக்கு இடுப்பைத்தான் காட்டுறான், மூஞ்சியக் காட்டல. அங்கயும் ஒரு டான்ஸ் மாஸ்டர் நின்னு வரிசை பிரிக்கிறானா?"

எல்லாம் அப்படி இல்லை என்று காட்டுவதற்காக நான் ஒன்றைத் தேடி எடுத்தேன். நைரோபிப் பெண் ஒருத்தி. மொட்டைத் தலை, மை போல் நிறம். நீலச் சுவர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்துப் பாடுகிறாள். மூன்றரை நிமிஷமும் அவள் முகம்தான். அவளே பாடி அவளே எடுத்தது. அக்கா அதை நான்கு முறை பார்த்தாள். நான்காவது முறை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாள்.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னாள்.

சின்ன வயதிலிருந்தே அவள் நன்றாக ஆடுவாளாம். ஸ்கூல் ஆண்டுவிழா, பங்குத் திருவிழா எல்லாவற்றிலும் அவள்தான் நடுவில். பத்தொன்பது வயதில், திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பில் ஒரு ஆல்பம் பாட்டு எடுக்க ஆட்கள் வந்தபோது குரூப் டான்ஸுக்குப் போனாள். மாஸ்டர் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்தார். ஆடச் சொல்லவில்லை. கையைக் காட்டி, நீ முன்னாடி, நீ பின்னாடி என்று பிரித்தார். அக்கா கடைசி வரிசை, ஓரம். இரண்டு நாள் வெயிலில் ஆடினாள். சிடி வந்ததும் அவள் அப்பா அற்புதசாமி வாங்கி வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டார். பாட்டு முடிந்தது. அக்கா வரவே இல்லை. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை திடீரென்று நிறுத்தினார்.

"இந்தா! இந்த முழங்கை நம்ம ஜெஸ்லின்!"

ஹீரோயினின் தோளுக்குப் பின்னால் ஒரு கருத்த முழங்கை. அவ்வளவுதான் அந்தப் பாட்டில் அவள். அப்பா விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினார்.

"நான் அதுல முழங்கையா நடிச்சிருக்கேன்டி" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. அடுத்த வருஷம் அழகுக்கலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

பிரவீன்ராஜ் வந்தது இது நடந்த இரண்டு மூன்று நாட்களில். கல்யாண வீடியோ எடுப்பவன். அக்காவுக்கு வருகிற மணப்பெண்களில் பாதிப் பேரை அவன்தான் அனுப்புவான். சொந்தமாக யூடியூப் சேனல் வைத்திருக்கிறான்; சொந்தக் காசில் ஆல்பம் பாட்டு எடுக்க வேண்டும் என்பது அவன் கனவு.

"அக்கா, ஆறு பாட்டு ப்ளான். முதல் பாட்டு செம. கருப்பா இருக்கிற ஒரு பொண்ணு, தன்னைப் பத்தித் தானே பாடுறா. கருப்புதான் அழகுன்னு. மேக்கப் நீங்கதான். டைட்டில் கார்டுல தனியா உங்க பேரு போடுறேன்."

அக்கா கையிலிருந்த சீப்பை வைத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் பேர் எங்கேயும் வந்ததில்லை. ஆல்பத்தில் ஸ்டூடியோ பேர் இருக்கும், மண்டபம் பேர் இருக்கும்.

"தனியாவா?"

"தனியா. மூணு செகண்ட். ஆறு பாட்டுக்கும்."

"பொண்ணு யாரு?"

"ப்ரீத்தி. ஸ்ரீரங்கம். இன்ஸ்டால ரெண்டு லட்சம் பேரு அந்தப் பொண்ணுக்கு."

போனில் காட்டினான். நல்ல சிவப்பு. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா போனையே பார்த்தாள்.

"டல் மேக்கப் போட்டுக் கருப்பாக்கிக்கலாம்க்கா" என்றான் அவன், அதுதான் உலக வழக்கம் என்பது போல. அக்காவின் கையைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினான். "கரெக்டா இந்தக் கலர் வேணும். உங்க கை கலரு."

அக்கா ஒப்புக்கொண்டாள். மூன்று சாயந்திரம் அதற்காகவே உட்கார்ந்து கேக் பேஸுகளைக் கலந்தாள். ப்ரீத்தி வந்தபோது அவள் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பூசினாள். சிவப்புத் தோலின் மேல் பழுப்பைப் போட்டால் வெயிலில் சாம்பல் பூத்துப்போகும். அதற்கு அடியில் கொஞ்சம் ஆரஞ்சு கொடுத்தாள். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் பார்த்தாள். இரண்டு கையும் ஒரே உடம்பின் கைகள் மாதிரி இருந்தன.

"சூப்பர்க்கா!" என்றான் பிரவீன்ராஜ். அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். வேலை நன்றாக வந்தால் வருகிற சந்தோஷம் அது. அப்படித்தான் நினைத்தேன். ப்ரீத்தி போனதும் தன் கையைச் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாள்.

ஷூட்டிங் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். மணமகள் அறைதான் மேக்கப் ரூம். துண்டு மடிப்பதில் எனக்கு இரண்டு மூன்று மாத அனுபவம் இருந்ததால் நானும் போனேன். காலை ஏழு மணிக்கு அக்கா ப்ரீத்தியை உட்கார வைத்தாள். முகம், காது, கழுத்து, முதுகு, இரண்டு கை, பாதம். ஒன்றரை மணி நேரம். ப்ரீத்தி நல்ல பெண், பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, மூக்கு அரிக்கறது. சொறிஞ்சுக்கட்டுமா?"

"சொறிஞ்சா வெள்ளைப் புள்ளி தெரியும்."

"அப்போ நீங்களே மெதுவாச் சொறிஞ்சு விடுங்கோ."

அவள் போய் இரண்டு ஷாட் நடித்துக் கொடுத்தாள். அதற்குள் குரூப் டான்ஸ் பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். இவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம்தான். அக்காவின் கை தானாக ஓடியது: பேஸ், பவுடர், மை, உதட்டுச் சாயம், அடுத்தது. கடைசியாக உட்கார்ந்தவள் லின்சி. அரியமங்கலம், அப்பா வெல்டர், பி.காம் இரண்டாம் வருஷம். நெடுநெடுவென்று உயரம். அக்காவை விட ஒரு படி கருப்பு. வெளியே ஒத்திகையில் நான் பார்த்திருந்தேன். எட்டுப் பேரில் அவள் ஆடும்போதுதான் தரை அதிர்ந்தது. அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

அவளுக்கும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அப்போது டச்-அப்புக்காக ப்ரீத்தி உள்ளே வந்தாள். லின்சி எழுந்து நின்றாள். இருவரும் கண்ணாடி முன்னால் பக்கத்தில் பக்கத்தில்.

முதலில் சிரித்தது ப்ரீத்தி. கண்ணாடியில் தெரிந்த இருவரையும் தன் போனில் ஒரு போட்டோ எடுத்தாள்.

"ஐயோ அக்கா! எங்க ரெண்டு பேரையும் மாத்தி வச்சுட்டேளே!"

சிவப்புப் பெண் கருப்பாக நின்றாள். கருப்புப் பெண் வெளுத்து நின்றாள். கழுத்தில் கோடு இல்லை, காதோரத்தில் திட்டு இல்லை. இரண்டும் சுத்தமான வேலை. கருப்புதான் அழகு என்கிற பாட்டுக்கு, கருப்புப் பெண் வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே அக்காவின் கை ரெண்டு ஷேடு ஏத்திவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. பிரஷ் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள், அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள்.

"லின்சி, உக்காரு."

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அவள் நெற்றியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். லின்சி பதறிப்போனாள்.

"ஏன்க்கா? நல்லாத்தானே இருந்துச்சு? நான் இன்னும் என் போன்ல ஒரு போட்டோகூட எடுக்கலையே!"

"பேசாம இரு."

"ப்ளீஸ்க்கா. இவ்ளோ நல்லா நான் இருந்ததே இல்ல." அழுதுவிடுவாள் போலிருந்தது.

அக்காவின் கை நின்றது. ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். முக்கொம்பு, மாஸ்டர், கடைசி வரிசை, சிடி, அப்பா, ரிமோட் எல்லாவற்றையும் சொன்னாள். "இந்தா, இதுதான் நடிச்சது" என்று முழங்கையை நீட்டிக் காட்டினாள். லின்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ப்ரீத்தி சிரிக்கப் போய், பாதியில் நிறுத்தி, முழங்கையைப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

துடைத்து முடித்தபோது லின்சியின் முகத்தில் எண்ணெய் மினுமினுத்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து வெளிச்சம். நெற்றி எலும்பு, கன்ன எலும்பு, மூக்கின் ஓரம் எல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றன. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நைரோபிப் பெண்ணை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"பெட்டியில அந்த ரெண்டு பாட்டிலும் இருக்கு. எடுடி."

மாதா பக்கத்திலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். அதில் ஒன்றைத் திறந்தாள். கையில் இழுத்துப் பார்க்கவில்லை. நேராக லின்சியின் கன்னத்தில் ஒரு சொட்டு வைத்தாள். அது தோலோடு போய்விட்டது. ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் சரிசெய்தாள். பவுடர் டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள்.

"பிரவீனைக் கூப்பிடு."

அவன் கேமராமேன் ஜெய்சங்கரோடு வந்தான். "அக்கா, ப்ரீத்தி டச்-அப் ஆச்சா? டைம் போகுது."

"பிரவீன், இந்தப் பொண்ணை முன்னாடி வை. பாட்டை இவ பாடட்டும்."

அவன் லின்சியைப் பார்த்தான், ப்ரீத்தியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "விளையாடாதீங்கக்கா. ப்ரீத்தியை வச்சு ரெண்டு ஷாட் எடுத்தாச்சு. ரெண்டு லட்சம் பேரு இருக்காங்க அவங்களுக்கு. இவளை யாருக்குத் தெரியும்?"

"கருப்பா இருக்கிற பொண்ணு பாடுறான்னுதானே சொன்ன? இவ இருக்கா. எதுக்கு ஒண்ணரை மணி நேரம் நான் பூசணும்?"

ஜெய்சங்கர் தலையைச் சொறிந்தான். "அதில்லக்கா. இந்தக் கலருக்கு எக்ஸ்போஷர் வைக்கிறது கஷ்டம். பின்னாடி சுவரு வெள்ளை. சுவரு வெளுத்து வெடிச்சுரும், இல்ல மூஞ்சி இருட்டிரும்."

"அப்போ இத்தனை வருஷமா பொண்ணுங்களுக்கு ரெண்டு ஷேடு ஏத்துனது உன் கேமராவுக்காகவா? நான் அவங்க அம்மாங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

ப்ரீத்திதான் முதலில் சிரித்தாள். பிரவீன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இன்னும் அஞ்சு பாட்டு இருக்கு. கல்யாண ஆர்டர் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

அது மிரட்டலா, கெஞ்சலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அக்கா பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். ஈஸ்டருக்கு அப்புறம் வரும் கல்யாண சீசன், டைட்டில் கார்டில் மூன்று செகண்ட், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போவது போல இருந்தது எனக்கு. கடைசி பிரஷ்ஷை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் கையைப் பாத்துத்தான் அந்தக் கலரைக் கலந்தேன். அது என் கலரு. ஒரே ஒரு ஷாட் இவளை வச்சு எடு. சரியா வரலேன்னா நானே ப்ரீத்திக்கு மறுபடி பூசி விடுறேன். என் பேரை எடுத்துடு. அடுத்த பாட்டுக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்க."

"எடுங்க பிரவீன்" என்றாள் ப்ரீத்தி. "அதுக்குள்ள நான் மூக்கைச் சொறிஞ்சுக்கறேன்."

மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு முற்றம். அதன் சுவர் நீலம். அக்காதான் கண்டுபிடித்தாள். முதல் டேக்கில் ஜெய்சங்கர் பழக்கப்படி பெரிய லைட்டை நேராக முகத்தில் அடித்தான். மானிட்டரில் லின்சி பூசணம் பூத்த மாதிரி வெளிறித் தெரிந்தாள். பிரவீன்ராஜ் அக்காவைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றான்.

"அந்த லைட்டை அணை."

"அணைச்சா எப்படிக்கா?"

"அணைப்பா. அந்தக் கதவைத் திற. வெளிச்சம் சாய்வா வரட்டும். வெளிச்சம் திரும்பி அடிக்க இந்தப் பக்கம் தெர்மாகோலைப் பிடி. மூஞ்சிக்கு நேரா வேணாம், இடுப்புக்குக் கீழே. ம். லின்சி, கதவைப் பாக்காத. கேமராவைப் பாரு. உங்கிட்ட யாரோ ரெண்டு ஷேடு ஏத்திக்கச் சொல்றாங்கன்னு நெனச்சுக்க."

பாட்டு ஓடியது. லின்சி வாயசைத்தாள். இரண்டாவது வரியில் வார்த்தையை விட்டுவிட்டாள். விட்டதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கேமராவிடமிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வரியைப் பிடித்துவிட்டாள். தாடையில் வெளிச்சம் ஏறி இறங்கியது.

"கட்" என்று யாரும் சொல்லவில்லை. பாட்டு தானாக முடிந்தது.

பிரவீன்ராஜ் மானிட்டரில் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தான். ஜெய்சங்கர் குனிந்து, "மறுபடி போடு, அந்தக் கன்னத்துக்கிட்ட" என்றான். அக்கா பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, அண்டா கவிழ்த்து வைத்திருந்த மேடையில் உட்கார்ந்து, கை விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். செபம் சொன்னாளா என்று அப்புறம் கேட்டேன். "போடி, கால் வலிச்சுது" என்றாள்.

பிரவீன்ராஜ் வந்தான். பாராட்டவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "லன்ச் முடிச்சுட்டு ப்ரீத்தி மேக்கப்பைக் கலைச்சிடுங்கக்கா" என்றான்.

எல்லாம் அதோடு சுமுகமாகிவிடவில்லை. ப்ரீத்தி சாப்பிடாமல் மணமகள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா எண்ணெயும் பஞ்சுமாகப் போனபோது, "நான் ஹீரோயின்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் கேப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு ஷாட்தானே, சும்மா எடுத்துப் பார்க்கட்டும்னு நெனச்சேன்."

"வருத்தமாத்தான் இருக்கும்டா" என்றாள் அக்கா. காதோரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தாள். பழுப்புக்குக் கீழே ப்ரீத்தியின் தோல் தடித்துச் சிவந்திருந்தது. அதில் கற்றாழை ஜெல்லைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேரும் சிநேகிதிங்கன்னு வச்சா என்ன? அவ பாடட்டும். நீ அவளை வம்பிழு. வாய் உனக்குத்தான் ஜாஸ்தி" என்றாள்.

ப்ரீத்தி மூக்கை உறிஞ்சினாள். "ஸ்கூட்டர்ல போற மாதிரி எடுத்தா வண்டி நான்தான் ஓட்டுவேன். அவளை ஓட்டச் சொல்லக் கூடாது."

இருவரில் ப்ரீத்திக்குத்தான் லைசென்ஸே இருந்தது. அப்படித்தான் அந்தப் பாட்டு மாறியது. மறுநாள் கொள்ளிடக் கரையில் ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள், அவரவர் நிறத்தில். பின்னால் உட்கார்ந்து லின்சி பாடுகிறாள். முன்னால் ப்ரீத்தி கண்ணாடியில் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள். கடைசி வரிசையே வேண்டாம் என்று பிரவீன்ராஜே சொல்லி மற்ற ஏழு பேரையும் மணலில் வட்டமாக நிறுத்தினான். அவர்களுக்கு அக்கா மறுபடியும் முதலிலிருந்து மேக்கப் போட்டாள். இந்த முறை ஆளுக்கு அரை மணி நேரம். "பத்து நிமிஷத்துல முடிப்பீங்களேக்கா" என்றான் அவன். "ஏத்துறதுன்னா பத்து நிமிஷம்" என்றாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் பாட்டு வெளியே வந்தது. உலகம் புரண்டுவிடவில்லை. பத்து நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே சிலர் எழுதியிருந்ததைப் படித்து லின்சி ஒரு நாள் காலேஜுக்குப் போகவில்லை. மறுநாள் போனாள், அவளோடு செல்ஃபி எடுக்க வகுப்பில் வரிசை நின்றதாம். ப்ரீத்தி தன் இன்ஸ்டா பக்கத்தில் அந்தக் கண்ணாடி முன்னால் எடுத்த போட்டோவைப் போட்டாள், இருவரும் நிறம் மாறி நின்ற போட்டோ. 'இதில் நான் யார்?' என்று கேட்டிருந்தாள். பாட்டை விட அதைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பிரவீன்ராஜ் இரண்டாவது பாட்டுக்கு நாள் குறிக்க வந்தான். கூடவே ஜெய்சங்கரும் வந்து, கதவு வெளிச்சத்தைப் பற்றி அக்காவிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு போனான்.

பெரிய கடை வீதிக் கடையில் அந்த நிறம் இன்னும் வரவில்லை. அம்மாக்களும் இன்னும் ரெண்டு ஷேடுதான் கேட்கிறார்கள். ஆனால் போன வாரம் கமருன்னிசா என்று ஒரு பெண், ரம்ஜான் முடிந்து நிச்சயம் ஆனவள், அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் போனை நீட்டினாள். அதில் லின்சி. "எனக்கு இந்த மாதிரி போடுங்கக்கா. ஏத்த வேணாம்." அவள் அம்மா அக்காவை முறைத்தார். அக்கா என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு பாட்டில் வேணும்டி. எப்ப டிக்கெட் போடுற?" என்றாள்.

இதற்கெல்லாம் முன்னால், பாட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்ததும் என்னையும் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அற்புதசாமி அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்து, ரிமோட்டை டிவிக்கு நேராக நீட்டி, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நிறுத்த வேணாம்ப்பா. இதுல நான் இல்ல."

"தெரியும். நீ பாரு."

பாட்டு ஓடியது. நீலச் சுவர் முன்னால் லின்சியின் முகம் வந்தது. போகவே இல்லை. வார்த்தையை விட்டுச் சிரித்ததைக்கூடப் பிரவீன்ராஜ் வெட்டாமல் வைத்திருந்தான். அப்பாவின் விரல் ரிமோட்டின் மேல் இரண்டு முறை அசைந்து அசைந்து நின்றது. தேட வேண்டிய தேவை எங்கேயும் வரவில்லை. ஸ்கூட்டர் போய், மணல் போய், திரை இருண்டு, எழுத்துகள் வர ஆரம்பித்தன.

அப்போது அழுத்தினார்.

மேக்கப்: ஜெஸ்லின்.

"இந்தா!" என்றார் அப்பா, எல்லோரையும் திரும்பிப் பார்த்து. யாரோ சத்தமாக வாசித்தார்கள். அக்கா எழுந்து டீ போடப் போய்விட்டாள். டீ வந்து, குடித்து, டம்ளர்களைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தப் பேர் டிவியில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.